மேகம் இறங்கிய சோலையை ஆயில் கலரில் வரைவது

வத்தலக்குண்டில் இருபத்தைந்து வருஷம் போர்டு எழுதிப் பிழைத்தவன் நான். அதற்கு முன்னால் மதுரையில் ஒரு சினிமா பேனர் பட்டறையில் எடுபிடி. ஃப்ளெக்ஸ் வந்து எங்கள் பிரஷ்களையெல்லாம் டப்பாவுக்குள் அனுப்பிவிட்ட பிறகும் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. கொடைக்கானல் மலை எங்கள் ஊர் வாசலிலேயே நிற்கிறது. சரி, காடு வரைவோம் என்று ஆரம்பித்தேன்.

முதல் படம் 2 அடிக்கு 3 அடி. பதினொரு நாள் உட்கார்ந்து ஒவ்வோர் இலையாக வைத்தேன். பச்சை ட்யூப் இரண்டு தீர்ந்தது. வாங்கலாமா என்று பார்க்க வந்த ஓட்டல்காரர் ஒருவர் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாருக்குண்ணே... வாழைத்தோப்புதானே?" என்றார். அவர் போன பிறகு நானும் தள்ளி நின்று பார்த்தேன். மனுஷன் சொன்னதில் தப்பில்லை. வட்டக்கானல் சோலைக்குள் போனால் மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஈரக்காற்று ஆள் மாதிரி நிற்கும். என் படத்தில் மரம் இருந்தது, இலை இருந்தது, அந்தக் காற்று மட்டும் இல்லை.

அந்தக் காற்றைக் கேன்வாஸுக்குள் கொண்டுவர நான் கண்டுகொண்ட வழி இது. ஆயில் கலரை ஒன்றிரண்டு முறையாவது தொட்டவர்களுக்காக எழுதுகிறேன். தொடாதவர்களும் படிக்கலாம், கெட்டுப்போவது கொஞ்சம் கலர்தான்.

முதலில் காட்டைப் பார்க்கிற வேலை. சோலை என்பது மலையுச்சிப் புல்வெளிகளுக்கு நடுவே, பள்ளங்களில், ஓடையை ஒட்டி அடர்ந்து கிடக்கிற காடு. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். அந்தக் காற்றுக்கும் குளிருக்கும் மரங்கள் நெடுநெடுவென்று வளராது. கிளைகள் முறுக்கிக்கொண்டு கோணல்மாணலாகப் போகும். உச்சி காலிஃபிளவர் மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கும். தண்டு முழுக்கப் பாசி. பல மரங்களில் இளந்தளிர் செம்பு நிறத்தில் வரும், பச்சையே இருக்காது. இதெல்லாம் தெரிந்துகொண்டு போனால்தான் கண்ணில் படும். நான் முதல் நான்கு தடவை போனபோது அந்தச் செம்பு நிறத்தைப் பார்க்கவே இல்லை. காடு என்றால் பச்சை என்று மனசு முன்கூட்டியே முடிவு கட்டியிருந்தது.

டூரிஸ்ட் எல்லாரும் பைன் காட்டுக்குப் போவார்கள். அது வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம். தண்டுகள் நேர்நேராக நிற்பதால் வரைய எளிது என்று தோன்றும். பத்துத் தண்டை வரைந்து பாருங்கள், தோட்டத்துக்குப் போட்ட வேலிக்கால் மாதிரி வந்து நிற்கும். கோணல் மரம்தான் கைக்கு இடம் கொடுக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் காலை போங்கள். ஆனால் கேன்வாஸைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நான் ஒரு தடவை ஸ்டாண்டு, பலகை, ட்யூப் எல்லாம் சுமந்துகொண்டு போனேன். அரை மணி நேரத்தில் மேகம் இறங்கிக் கேன்வாஸ் மேல் வேர்த்துவிட்டது. ஈரத்தின் மேல் எண்ணெய் ஒட்டாது, பிரஷ் வழுக்கிக்கொண்டே போகும். துணி தொய்ந்து தொட்டில் மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு உருப்படியாகச் செய்தது டீ குடித்ததுதான்.

கொண்டுபோக வேண்டியது ஒரு சின்ன நோட்டும் 4பி பென்சிலும். தீப்பெட்டி அளவில் கட்டம் போட்டு, அதற்குள் நான்கே அடுக்கு: பனி, தூரத்து மரம், நடு மரம், முன் மரம். பனிக்குப் பேப்பர் வெள்ளையை விட்டுவிடுங்கள். தூரத்துக்கு லேசான ஒரு தேய்ப்பு. நடுவுக்கு இன்னொரு தேய்ப்பு. முன்னால் நிற்பதற்கு மட்டும் அழுத்தம். கண்ணை நன்றாகச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் இலை, கிளை எல்லாம் மறைந்து இந்த நான்கு அடுக்கு மட்டும் மிஞ்சும். பத்துக் கட்டம் போடுங்கள். அதில் ஒன்று தேறினால் போதும்.

போனில் படம் எடுக்கலாம், நானும் எடுக்கிறேன். எது எங்கே இருந்தது என்பதற்கு அது சாட்சி. கலருக்குச் சாட்சி ஆகாது. போன் தன் இஷ்டத்துக்குப் பனியை வெளுத்துவிடும், இருட்டைக் கரியாக்கிவிடும். அதனால் நோட்டிலேயே ஓரத்தில் எழுதிவைப்பேன்: "தூரம்: பழைய அலுமினியச் சட்டி. நடு: காய்ந்த வேப்பிலை. பாசி: எலுமிச்சை ஊறுகாய்." எனக்குப் புரிந்தால் போதும்.

கட்டத்துக்குள் மரங்களை நிறுத்தும்போது, வெளிச்சம் உள்ளே வர ஒரு வாசல் விடுங்கள். நட்ட நடுவில் வேண்டாம், கொஞ்சம் தள்ளி. ஒரு மரம் சாயட்டும், ஒரு மரம் படத்தின் ஓரத்தில் பாதியாக வெட்டுப்படட்டும். இரண்டு மரத்துக்கு நடுவே உள்ள இடைவெளி எங்கேயும் ஒரே அளவாக வரக் கூடாது.

இதைச் சொல்லும்போது எனக்கு ஷிஷ்கின் ஞாபகம் வருவார். ரஷ்ய ஓவியர். பட்டறையில் பழைய சோவியத் பத்திரிகைகள் கட்டாகக் கிடக்கும், அதில்தான் முதலில் பார்த்தேன்: 1889-இல் வரைந்த 'பைன் காட்டில் காலை'. முறிந்து சாய்ந்த மரத்தின் மேல் கரடிக் குடும்பம் விளையாடும். கரடிகளை வரைந்தது அவர் நண்பர் சவித்ஸ்கி. படத்தை வாங்கிய திரெத்யாகோவ் அந்த நண்பரின் கையெழுத்தை அழித்துவிட்டார். பாவம் சவித்ஸ்கி! எல்லாரும் கரடியைப் பார்ப்பார்கள். நீங்கள் கரடிக்குப் பின்னால் பாருங்கள். முன்னால் முறிந்த மரத்தின் சிம்பு ஒவ்வொன்றும் குத்துகிற மாதிரி இருக்கும். பின்னால் போகப் போக மரங்கள் பொன் நிறப் பனிக்குள் கரைந்து, கடைசி வரிசை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. கரடியை எடுத்துவிட்டாலும் அந்தப் படம் நிற்கும்.

இனி சாமான். கேன்வாஸ் 18 அங்குலத்துக்கு 24 அங்குலம். ப்ரைமர் பூசியதாகவே கடையில் கிடைக்கும். பிரஷ்ஷில் பன்றிமுடித் தட்டை 12, 8, 4, கோடு இழுக்க நீளமுடி ரவுண்டு 2, சுவருக்கு அடிக்கிற 2 அங்குலப் பட்டை ஒன்று, கலக்கக் கத்தி. பழைய வேட்டித் துணி நிறைய. கலர் எட்டுப் போதும்: டைட்டேனியம் ஒயிட், அல்ட்ராமரைன் புளூ, பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா, எல்லோ ஓக்கர், விரிடியன், அலிஸரின் கிரிம்சன், கேட்மியம் எல்லோ. ஒயிட் மட்டும் பெரிய ட்யூப் வாங்குங்கள், பனியில் முக்கால்வாசி அதுதான். கறுப்பு வேண்டாம். பச்சையில் விரிடியனைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். அதையும் தனியாகப் பூசாதீர்கள், பிளாஸ்டிக் வாளி மாதிரி இருக்கும்.

எண்ணெயில் ஒரு எச்சரிக்கை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற டபுள் பாயில்ட் லின்சீட் ஆயில், அதாவது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், மலிவு. பேனருக்கு நாங்கள் பவுடர் கலரை லின்சீட் எண்ணெயில் குழைத்துத்தான் பூசினோம். மூன்று மாதம் தாங்கினால் போதும், அதற்குள் படமே ஓடி முடிந்துவிடும். வீட்டில் மாட்டும் படத்துக்கு அந்தப் பாயில்ட் சமாசாரம் ஆகாது, சீக்கிரம் பழுப்பேறும். ஓவியக் கடையில் சுத்திகரித்த லின்சீட் ஆயில் 100 மில்லி வாங்கினால் நாலைந்து படம் வரும். கலரை நீர்க்க வைக்கிற டர்பன்டைனும் அங்கேயே. பிரஷ் கழுவ மட்டும் ஹார்டுவேர் சரக்கு போதும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். என் முறை முழுக்க இந்த ஒரு குவியலில்தான் இருக்கிறது.

பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன் கத்தியால் பனியைக் கலக்குங்கள். எலுமிச்சம்பழம் அளவு ஒயிட். அதில் கொண்டைக்கடலை இரண்டு அளவு அல்ட்ராமரைன், ஒன்று அளவு பர்ன்ட் அம்பர், மிளகு அளவு எல்லோ ஓக்கர். நன்றாகத் தேய்த்துக் கலக்கினால் அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில் ஒரு சாம்பல் வரும். நீலம் தூக்கலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் அம்பர், மண் நிறம் தூக்கினால் கொஞ்சம் நீலம். ட்யூபுக்கு ட்யூப் கலரின் வீரியம் மாறும், ஆகவே அளவைவிடக் கண்ணை நம்புங்கள். நான் கத்தி நுனியில் எடுத்து ஜன்னல் பக்கம் வெள்ளைத்தாள் ஒன்றோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பேன். தாளைவிட நன்றாக மங்கித் தெரிய வேண்டும். பனி வெள்ளை என்று நினைத்து வெள்ளையாகவே விட்டால், பின்னால் வெளிச்சம் வைக்க மேலே இடமே இருக்காது.

இந்தக் குவியல்தான் உறைமோர். பாலில் உறை ஊற்றுகிற மாதிரி, இனிக் கலக்கப்போகிற எல்லாவற்றிலும் இது சேரும்.

அடுத்தது இருட்டுக் குவியல்: அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் சம அளவு, கொஞ்சம் விரிடியன், துளி அலிஸரின். கறுப்பு மாதிரித் தெரியும், ஆனால் உயிர் இருக்கும். இப்போது தூரத்து மரத்துக்குப் பனி பத்துப் பங்கு, இருட்டு ஒரு பங்கு. நடு மரத்துக்கு நான்குக்கு ஒன்று, கூடவே ஓக்கரும் விரிடியனும் தொட்டுக்கொள்ளலாம். முன் மரத்துக்கு இருட்டுக் குவியல் அப்படியே, அதிலும் உறைக்கு ஒரு மிளகளவு பனி. அந்த மிளகளவைச் சேர்க்காமல் விட்டால் முன் மரம் வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியது போல நிற்கும். நான்கு குவியலையும் தட்டில் வரிசையாக வைத்துவிட்டு எட்டிப் போய்ப் பாருங்கள். அந்த வரிசையிலேயே காடு தெரிய ஆரம்பித்துவிடும்.

கேன்வாஸின் வெள்ளையைக் கொல்ல, பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் டீத்தண்ணி மாதிரிக் கரைத்து முழுக்கப் பூசித் துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் காயட்டும். அப்புறம் பூசுகிற குளிர்ந்த சாம்பலுக்கு இடையே அங்கங்கே இந்தச் செம்மண் எட்டிப்பார்க்கும். சோலைக்குள் மட்கிய இலையின் சூடு அது. ஓவியக்காரர்கள் சொல்லும் விதி ஒன்றுண்டு: அடிப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போகக் கூடலாம். மாற்றிச் செய்தால் மேலே முதலில் இறுகி, கீழே பிறகு அசைந்து, வெடிப்பு விழும். அதனால் முதல் பூச்சுக்கு டர்பன்டைன் மட்டும், கடைசிப் பூச்சில்தான் லின்சீட்.

முதல் நாள் வேலையை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பட்டை பிரஷ்ஷால் பனிக் குவியலை மேலிருந்து கீழே, வெளிச்ச வாசல் பக்கம் தடிப்பாக, ஓரங்களில் மெலிதாகப் பூசுங்கள். வாசலுக்குள் மட்டும் இன்னும் கொஞ்சம் ஒயிட்டும் ஓக்கரும். அது காய்வதற்குள் 8-ஆம் நம்பர் பிரஷ்ஷில் தூரத்து மரங்கள். இங்கேதான் கை துறுதுறுக்கும், கிளை போடு, இலை போடு என்று. பேனர் பட்டறை வாத்தியார் ஹீரோவுக்குப் பின்னால் நிற்கிற கூட்டத்தை வரையும்போது என் பிடரியில் தட்டிச் சொல்வார்: "பின்னாடி நிக்கிறவனுக்கு மீசை வைக்காதடா." தூரத்து மரத்துக்கும் மீசை வேண்டாம். மேலிருந்து கீழே ஒரு இழுப்பு. பாதிக்கு மேல் இறங்கும்போதே கையைத் தளர்த்திவிடுங்கள். ஈரத்தில் ஈரம் கரைந்து, மரத்தின் அடி பனிக்குள் காணாமல் போகும். பனி பள்ளத்தில் தேங்குவதால் பெரும்பாலும் அடிதான் முதலில் மறையும், உச்சி மிதக்கும். பிறகு கலர் எதுவும் தொடாத காய்ந்த பிரஷ் ஒன்றை, தூங்குகிற குழந்தையின் நெற்றியில் தடவுகிற அழுத்தத்தில், ஓரங்களின் மேல் ஓட்டுங்கள். மூன்று தடவைக்கு மேல் ஓட்டினால் எல்லாம் கஞ்சியாகிவிடும்.

இரண்டு நாள் கழித்து நடு மரங்கள். அம்பர் சேர்ந்த கலவை சீக்கிரம் காயும், ஒயிட் தடிப்பாக இருக்கிற இடம் வாரக்கணக்கில் ஒட்டும். விரல் நுனியால் தொட்டுப் பார்த்துத் தொடங்குங்கள். இந்த அடுக்கில் இலையைக் கூட்டமாகப் போடுங்கள். காலிஃபிளவர் உருண்டை, அதன் மேல் பக்கம் சற்று வெளிச்சம், அடிப் பக்கம் இருட்டு, அவ்வளவுதான். இலைக்கூட்டத்துக்கு நடுவே வானம் தெரிகிற ஓட்டைகள் உண்டு. அதில் வானத்தின் கலரை அப்படியே வைக்காதீர்கள், ஒரு படி மங்கலாக வையுங்கள். அப்படியே வைத்தால் மரத்தில் சீரியல் பல்பு கட்டின மாதிரி மினுக்கும். செம்புத் தளிர் இரண்டு மூன்று இடத்தில் மட்டும், பர்ன்ட் சியன்னாவில் பனி கலந்து.

முன்னால் நிற்கிற ஒற்றை மரத்துக்கு ஒரு நாள் முழுக்கக் கொடுங்கள். நான் வரைவது இப்படி. தண்டு முழுவதையும் இருட்டுக் குவியலால் மெலிதாக நிரப்பிவிடுவேன். பிறகு வாசல் பக்கம் திரும்பிய விளிம்பில் நடு அடுக்குக் கலவையை வைப்பேன். அதைத் தண்டின் நீளவாக்கில் இழுக்காமல், வளையல் போடுகிற மாதிரிக் குறுக்காக, தண்டைச் சுற்றி வளைத்து வைப்பேன். நீளவாக்கில் இழுத்தால் பலகை. குறுக்காக வளைத்தால் உருண்டை. விளிம்பில் ஒரே கோடாக வெளிச்சம் போகக் கூடாது. இரண்டு அங்குலம் வரும், பாசியில் மூழ்கும், மறுபடி எழும். பாசிக்கு ஓக்கர், கேட்மியம் எல்லோ, துளி அல்ட்ராமரைன். ட்யூபில் இருந்த பச்சையைவிட இது பத்து மடங்கு பாசி. எண்ணெய் தொடாமல், 4-ஆம் நம்பர் பிரஷ்ஷை நிமிர்த்திப் பிடித்துக் குத்துங்கள். முடி விரிந்து பாசியின் சொரசொரப்பு தானாக வரும். வேர் மண்ணுக்குள் இறங்குகிற இடத்திலும் கிளை பிரிகிற கவட்டிலும் பாசி தடிப்பாகக் கிடக்கும், நடுத்தண்டில் தேய்ந்திருக்கும். அதன் நடுவே வெளிறின வட்டங்கள், நம் வீட்டுப் பிரியாணிக்குப் போடுகிற கல்பாசியின் சொந்தக்காரர்கள். அதற்குப் பனிக் குவியலையே கத்தி நுனியில் எடுத்து ஒட்டிவிடுவேன், நாலைந்து இடத்தில். நிழல் பக்கத்தை ஒன்றும் செய்ய மாட்டேன். கண் போய்த் தேடிவிட்டுத் திரும்பட்டும்.

ஒரு வாரம் விட்டு, கடைசி வேலை. விறகடுப்புப் புகையைக் கவனித்திருக்கிறீர்களா? கரிபிடித்த சுவருக்கு முன்னால் அது நீலமாகத் தெரியும். அதே புகை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே போகும்போது பழுப்பாகத் தெரியும். இதே வித்தை கேன்வாஸிலும் நடக்கும். காய்ந்த இருட்டின் மேல் பனிக் கலவையை மிக மிக மெலிதாகத் தேய்த்தால், மேற்கொண்டு நீலம் சேர்க்காமலே நீலம் வரும். பிரஷ்ஷில் துளி கலவை எடுத்து, அதிலும் பாதியைத் துணியில் துடைத்துவிட்டு, நடு மரங்களின் அடியில் வட்டமாகத் தேய்த்துவிடுங்கள். மரம் அங்கேயே இருக்கும், நமக்கும் அதற்கும் நடுவே மேகம் ஒன்று வந்து நிற்கும். முதல் தடவை இது என் கையில் நடந்தபோது வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "காப்பி ஆறுது" என்றாள்.

இலைகளுக்கு நடுவே வெளிச்சக் கதிர் விழுகிற மாதிரிப் போட எல்லாருக்கும் ஆசை. ஒன்று போடலாம், இரண்டு போடலாம். ஸ்கேல் வைத்த மாதிரி எட்டுக் கதிர் போட்டால் சாமி படக் காலண்டர். நான் விட்டுவிட்டேன்.

துணி விஷயத்தை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். லின்சீட் எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலிருந்து ஆக்ஸிஜனை இழுத்து இறுகுகிறது. அப்போது சூடு பிறக்கும். எண்ணெய்த் துணியைப் பந்தாகச் சுருட்டி மூலையில் போட்டால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். சித்திரை வெயிலில் என் ஷெட்டில் ஒரு அட்டைப்பெட்டி புகைந்ததைப் பக்கத்து வீட்டுப் பையன் பார்த்ததால் தப்பித்தேன். துணியைக் கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். சாப்பிடும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கேட்மியம் வயிற்றுக்குள் போக வேண்டிய பொருள் அல்ல.

வார்னிஷுக்கு ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் படத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டினால் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். சட்டத்தின் கீழ் மூலைகளில் கார்க் துண்டு இரண்டு ஒட்டி, காற்றுக்கு வழி விடுங்கள்.

அப்புறம் கையெழுத்து. போர்டு எழுதுகிற காலத்தில் தெருமுனையிலிருந்தே தெரிகிற மாதிரி எழுதத்தான் எனக்குக் காசு கொடுத்தார்கள். அந்தப் பழக்கத்தில் முதல் படத்தில் சிவப்பில் அரையடிக்குப் போட்டிருந்தேன். இப்போது கீழ் மூலையில், மட்கிய இலைகளுக்கு நடுவே, நடு அடுக்குக் கலவையில் 2-ஆம் நம்பர் பிரஷ்ஷால் போடுகிறேன். என் பேத்தி பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவாள்.